கறுப்பு பூட்ஸுக்கு ஏலம் கேட்க யார் வருவார்? மாற்று உடைகளை இணையத்தில் விற்பது பற்றி ஒரு விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இப்போது புதுவகைப் பழஞ்சரக்கு ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் படித்து, வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளைகளின் பெட்டிகளில் இருந்து வருவது அது. மெட்டல் என்ற கடும் ராக் வகை இசைக்குழுக்களின் கறுப்பு டி-ஷர்ட், கூர் ஆணி பதித்த பெல்ட், முழங்கால் வரை கயிறு கட்டும் பூட்ஸ், இடுப்பை இறுக்கும் கோர்செட், சரிகைக் கழுத்துப்பட்டி என்று போகும் பட்டியல். வாங்கியபோது ஆயிரக்கணக்கில் விலை. இப்போது அளவு பற்றவில்லை, அல்லது மனசு மாறிவிட்டது. பாத்திரக்காரரிடம் போட மனம் வரவில்லை. ‘ஆன்லைனில் ஏலம் விட்டால் நல்ல விலை வருமே’ என்ற யோசனை அப்போதுதான் எழுகிறது.

தேடிப் பார்ப்பவருக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. தமிழில் ஏலம் என்று தட்டினால் வங்கி ஜப்தி செய்த வீடும் அடகு நகையும் வருகின்றன. ஆங்கிலத்தில் தேடினால் வரும் பழைய வழிகாட்டிகள் ஈபே இந்தியா, போஷ்மார்க் இந்தியா என்று மூடிப்போன கடைகளைக் காட்டுகின்றன. எந்தத் தளம் நல்லது என்பதற்கு முன்னால், ஏலம் என்ற முறை இந்தச் சரக்குக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த உடையைப் பற்றிப் பேசுகிறோம்

பெருவாரியானவர்கள் உடுத்தாத, ஏதாவது ஒரு இசை அல்லது ரசனைக் கூட்டத்தின் அடையாளமாக இருக்கிற உடைகளையே மாற்று உடை என்கிறார்கள். கோத் (இருண்ட கறுப்பு அலங்காரம்), பங்க், மெட்டல் (இரண்டும் ராக் இசை வகைகள்), ஸ்டீம்பங்க் (நீராவி எந்திரக் காலத்துக் கற்பனை உடை), ஜப்பானிய லோலிட்டா (பொம்மை போன்ற சரிகைக் கவுன்) எல்லாம் இதில் அடக்கம். இவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்று: நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு வேண்டாம், மீதி ஒருவருக்கு மிகவும் வேண்டும். விற்பனைக் கணக்கு முழுவதும் அந்த ஒருவரை எங்கே பிடிப்பது என்பதில்தான் இருக்கிறது.

ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது

நகரத்தார் சங்கங்களில் பிள்ளையார் நோன்பு அன்று இழை எடுக்கும் சடங்கு முடிந்ததும் நடக்கும் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே உப்புப் பொட்டலம் கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகிறது. உப்பு கிடைக்காத பொருளா? இல்லை. அந்த உப்பின் மங்கலம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டதற்கு மேல் கேட்க இன்னொருவர் இருக்கிறார். அதே பொட்டலத்தை மறுநாள் காரைக்குடி செக்காலை ரோட்டில் வைத்துக் கூவினால் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது.

இணைய ஏலத்திலும் இதே விதிதான். ஈபே போன்ற தளங்களில் கேட்பவர் தன்னால் முடிந்த உச்ச விலையைத் தளத்திடம் மட்டும் சொல்லிவிடுகிறார். போட்டியாளரை வெல்லத் தேவையான அளவு மட்டும் தளம் அவர் சார்பில் ஏற்றிக்கொண்டே போகும். ஓர் உதாரணம்:

1. ஒரு கோர்செட்டுக்குத் தொடக்க விலை 500 ரூபாய். ஒவ்வொரு படியும் 50 ரூபாய்.
2. முதல் ஆள் 2,000 ரூபாய் வரை போகத் தயார். இரண்டாம் ஆள் 1,400 வரை தயார்.
3. ஏலம் 1,450-ல் முடிகிறது. முதல் ஆள் 2,000 தரத் தயாராக இருந்தும் அது விற்றவர் கைக்கு வருவதில்லை.
4. இரண்டாம் ஆள் அன்று வரவே இல்லையென்றால் அதே கோர்செட் 500 ரூபாய்க்குப் போய்விடும்.

நான்காவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. விலையைத் தீர்மானிப்பவர் அதிகம் கேட்டவர் அல்ல, அவருக்கு அடுத்தபடி கேட்டவர். எனவே ஏலத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், இரண்டாவது ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடுவது. கட்டணம் குறைவா, செயலி வசதியா என்பதெல்லாம் பிறகு.

இன்னும் சில சொற்கள் அடிக்கடி வரும். இதற்குக் கீழே தரமாட்டேன் என்று விற்பவர் மறைவாக வைக்கும் விலை ரிசர்வ் விலை. ஈபே இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறது. ஏலத்துக்குக் காத்திராமல் எடுத்துக்கொள்ளக் குறிக்கும் விலை ‘பை இட் நவ்’. முடிய சில விநாடி இருக்கும்போது புகுந்து கேட்பது ஸ்னைப்பிங்; தடை செய்யப்பட்டதல்ல. சித்தப்பா மகனை விட்டு விலையை ஏற்றிவிடச் சொல்வது ஷில் பிட்டிங். அது விதிமீறல், கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். ஊர் ஏலத்தில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் இணையத்தில் யாருக்குத் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரே ஊரிலிருந்து, ஒரே வைஃபையிலிருந்து வரும் ஏலக் கேள்விகளைத் தளங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தியாவில் ஏலத் தளங்கள் என்ன ஆயின

1995-ல் பியர் ஒமிட்யார் அமெரிக்காவில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் ஒரு தளம் தொடங்கினார். அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். அதுதான் ஈபே ஆனது. இந்தியாவில் 2000-ல் தொடங்கிய பாஸி.காம் என்ற ஏலத் தளத்தை 2004-ல் சுமார் 5 கோடி டாலருக்கு ஈபே வாங்கி, ஈபே இந்தியா ஆக்கியது. பழைய நாணயம், தபால்தலை, செல்போன் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடியது. 2017-ல் இந்தியப் பிரிவு ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018-ல் ஃபிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வால்மார்ட் வாங்க, ஈபே தன் பங்கை விற்று வெளியேறியது. ஈபே.இன் தளம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-ம் தேதியோடு நின்றது.

பழைய உடைக்கென்றே இயங்கும் போஷ்மார்க் 2021 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. 2023 அக்டோபரில் கடையைக் கட்டியது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் புதுச் சரக்கு விற்கும் வணிகர்களுக்கானவை. வீட்டில் உடுத்திய துணிக்கு அங்கே இடமில்லை.

ஆக, தனி ஆள் தன் பழைய உடையை இன்னொரு தனி ஆளுக்கு ஏலத்தில் விற்கும் பெரிய பொதுத் தளம் இந்தியாவுக்குள் இன்று இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏழு நாள் காத்திருந்து, ஜெயிப்போமா என்று தெரியாமல் ஒரு சட்டை வாங்குவதைவிட, விலை பார்த்து உடனே வாங்கத்தான் மக்கள் பழகிவிட்டார்கள். உலக ஈபேயிலேயே பெரும்பகுதி விற்பனை இப்போது நிலையான விலையில்தான் நடக்கிறது.

காரைக்குடியில் இருந்துகொண்டு எட்டக்கூடியவை

1. இன்ஸ்டாகிராம் திரிஃப்ட் (பழைய உடை விற்கும்) பக்கங்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்திய நகரங்களில் இவை பெருகின. ஒரு படம் போட்டு, ‘முதலில் கேட்டவருக்கு’ என்று விற்பார்கள். சில பக்கங்கள் கமெண்ட்டிலேயே ஏலம் நடத்துகின்றன. ‘எஸ்.பி.’ என்றால் தொடக்க விலை, ‘ஏ.பி.’ என்றால் அந்த விலை கொடுத்தால் ஏலம் அங்கேயே முடிந்தது. இந்தியாவில் கோத், மெட்டல் ரசிகர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் இடம் இதுதான். இரண்டாவது ஆள் இங்கே இருக்க வாய்ப்பு அதிகம். குறை என்னவென்றால், நடுவில் பணத்தைப் பிடித்து வைத்து, பொருள் சேர்ந்ததும் தரும் ஏற்பாடு கிடையாது. ஏலத்தில் ஜெயித்தவர் பதில் சொல்லாமல் போனால் அவரைக் கட்டுப்படுத்த எந்த வழியும் இல்லை. புதுக் கணக்குத் தொடங்கி எழுபது பேரை வைத்துக்கொண்டு ஏலம் விடுவது வீண். ஏற்கெனவே கூட்டம் சேர்த்து வைத்திருக்கும் பக்கத்திடம் பங்கு பேசிக் கொடுத்து விற்கச் சொல்வதே மேல்.

2. ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், ஓஎல்எக்ஸ். இவை ஊர் வட்டத்துக்கானவை. சைக்கிள், கட்டில், வாஷிங் மெஷின் விற்க நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைத் தேடி வெளிமாநிலத்தார் வருகிறார்கள், ஏனென்றால் தேக்குத் தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் அங்கே கூட்டம் உண்டு. கூர் ஆணி பெல்ட்டுக்கு அப்படி ஒரு தெரு இங்கே இல்லை. மார்க்கெட்ப்ளேஸில் போட்டால் ‘கடைசி விலை என்ன?’ என்று இருபது பேர் கேட்பார்கள். வாங்க வருபவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஃபேஸ்புக்கில் உள்ள மெட்டல் ரசிகர் குழுக்கள் வேறு சங்கதி. அவை முதல் வகையில் சேரும்.

3. ஈபேயின் வெளிநாட்டுத் தளம். இந்திய முகவரியில் இருந்து விற்பவர்களுக்கு ஈபே இன்றும் திறந்திருக்கிறது, ஏற்றுமதி என்ற வகையில். உண்மையான ஏலம் வேண்டுமென்றால் இதுதான் வழி. உலகம் முழுவதும் கூட்டம் உண்டு. ஆனால் கட்டணம், தபால், சுங்கம் மூன்றும் சேர்ந்து சின்னச் சரக்கை விழுங்கிவிடும்.

4. எட்ஸி. கையால் செய்தது, கைவினை மூலப்பொருள், வின்டேஜ் ஆகிய வகைகளுக்கான தளம். வின்டேஜ் என்று போட வேண்டுமென்றால் பொருளுக்கு 20 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 2016-ல் வாங்கிய கோத் கவுன் அந்த வகையில் தேறாது. (அதே அலமாரியில் ஆயாவின் பழைய கண்டாங்கி இருந்தால் அது தேறும். அதை விற்க வீட்டில் விடுவார்களா என்பது வேறு.) ஏலம் கிடையாது. பட்டியலிட 0.20 டாலர், விற்றால் 6.5 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி.

5. ஒரே ரசனைக்கான தளங்கள். ஜப்பானிய லோலிட்டா உடைக்கென்று லேஸ் மார்க்கெட் என்ற தளம் இருக்கிறது. ஏலமும் நிலை விலையும் உண்டு. கூட்டம் சிறியது, ஆனால் வருகிற ஒவ்வொருவரும் பிராண்டையும் ஆண்டையும் அறிந்தவர். பேபி தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட், ஏஞ்சலிக் ப்ரெட்டி போன்ற நிறுவன உடை கையில் இருந்தால் பொதுத் தளத்தைவிட இதுவே சரி.

6. வெளிநாட்டு உறவு. செட்டிநாட்டு வீடுகளுக்கு இது புது வழியல்ல. 2012-ல் சிங்கப்பூரில் தொடங்கிய கேரோசல் என்ற செயலி அங்கேயும் மலேசியாவிலும் பழைய பொருள் விற்க ஓடுகிறது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விண்டெட். அங்கே விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வாங்குபவரிடம்தான். பிரிட்டனில் தனி ஆட்கள் விற்கும் உடைக்கு ஈபேயும் 2024 முதல் விற்பனைக் கட்டணத்தை எடுத்துவிட்டது. இந்தச் செயலிகளும் இந்தச் சலுகையும் காரைக்குடி முகவரிக்குக் கிடையாது. லண்டனில் வேலை பார்க்கும் அக்காவின் அலமாரியிலேயே கிடக்கும் சரக்கென்றால் அதை ஊருக்குக் கொண்டுவந்து விற்க நினைப்பது தலைகீழ் வேலை. அங்கேயே விற்றுவிட்டு வரச் சொல்லலாம்.

தபால் செலவு என்னும் மறைவான ஏலக்காரர்

வாங்குபவர் பார்ப்பது ஏல விலையை அல்ல, வீடு வந்து சேரும் மொத்தச் செலவை. தபால் 400 ரூபாய் என்றால் அவர் அந்த 400-ஐக் கழித்துவிட்டுத்தான் ஏலம் கேட்பார்.

டி-ஷர்ட் பிரச்சினை இல்லை. பருத்தி டி-ஷர்ட் ஒன்று கால் கிலோவுக்குள் அடங்கும், மடித்தால் உறைக்குள் போகும். பூட்ஸ் அப்படியல்ல. கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதோடு பெட்டியின் கனஅளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. பூட்ஸ் பெட்டி 35, 30, 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 15,750, வகுத்தால் 3.15 கிலோ. பூட்ஸின் உண்மை எடை 2 கிலோதான் இருக்கும். எது அதிகமோ அதற்குத்தான் பில். கம்பெனி அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகத் திருப்பி வைத்து இறுக்கிக் கட்டினால் ஒரு கிலோவுக்குப் பணம் மிச்சமாகலாம். பெட்டியோடுதான் வேண்டும் என்பவர் கூடுதல் தரட்டும்.

உள்நாட்டுக்கு ஸ்பீடு போஸ்ட் போதுமானது. 2025-ல் பதிவுத் தபால் சேவையை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பெறுபவரிடம் மட்டும் கொடுக்கும் பதிவு வசதியும் ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் இப்போது சிறு கூடுதல் கட்டணத்தில் அதிலேயே கிடைக்கின்றன. ‘பார்சல் வரவே இல்லை’ என்று சொல்லும் வாங்குபவருக்கு ஓடிபி டெலிவரிதான் மருந்து.

வெளிநாட்டுக் கணக்கு 2025-ல் தலைகீழாக மாறியது. 800 டாலர் வரையிலான சிறு பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த சுங்க விலக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் 29-ம் தேதி நின்றது. இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களையே சில வாரம் நிறுத்திவைத்து, அக்டோபர் நடுவில் மீண்டும் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலேயே சிறு பார்சலுக்கான வாட் விலக்கை எடுத்துவிட்டது. இதற்கு முந்தைய ஆண்டுகளில் எழுதிய ‘ஈபேயில் விற்பது எப்படி’ கட்டுரைகளை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். விற்கும் நோக்கத்தோடு அனுப்புவது ஏற்றுமதி என்பதால் ஐஇசி என்ற ஏற்றுமதி எண்ணும் வேண்டும். நாலு சட்டைக்காக இத்தனை காகிதம் தேவையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தேவையில்லை என்பதே பெரும்பாலும் பதில்.

அலமாரியில் என்ன நடக்கிறது

இந்தச் சரக்கில் பெரும்பகுதி தோல் அல்ல, தோல் போன்றது. துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. காற்றின் ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சை உள்ளிருந்தே சிதைக்கின்றன. உடுத்தினாலும் உடுத்தாவிட்டாலும் இது நடக்கும். முதலில் மடிப்பில் கோடு, பிறகு செதில் செதிலாக உதிர்வு. பாலியூரித்தேன் சோல் வைத்த பூட்ஸும் இப்படித்தான்: பெட்டியில் பத்திரமாக வைத்து, நாலைந்து வருடம் கழித்து எடுத்து நடந்தால் சோல் பொடிப்பொடியாகக் கழன்று விழும். பிவிசி உடைகள் வேறு மாதிரிக் கெடும். மேல்பரப்பு பிசுபிசுக்கும், பக்கத்தில் இருக்கும் துணியின் சாயத்தையும் ஒட்டி எடுத்துக்கொள்ளும்.

எனவே எந்தத் தளம் என்று மாதக்கணக்கில் யோசிப்பதற்கு ஒரு விலை உண்டு. முதலில் விற்க வேண்டியவை பாலியூரித்தேன் பூச்சுள்ளவை. பருத்தி டி-ஷர்ட்டும் உண்மைத் தோலும் காத்திருக்கும்.

படம் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை போதும். ஜாக்கெட்டின் முழங்கை மடியும் இடத்தை இரண்டு விரலால் மெதுவாக மடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் உதிர்வு தொடங்கிவிட்டது. அதை அருகிலிருந்து படமெடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மறைத்து விற்றால் தபால் செலவோடு திரும்பி வரும்.

அடுத்தது நாற்றம். நம் வீடுகளில் துணி இருக்கும் இடமெல்லாம் அந்துருண்டை போடுவது வழக்கம். அந்த வாசனை நமக்கு உறைப்பதில்லை. உறையைப் பிரிக்கும் வெளியூர்க்காரருக்கு முகத்தில் அடிக்கும். போக்க வெயிலில் போட்டால் கறுப்பு வெளுத்துச் செம்பட்டை அடித்துவிடும். வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) நிழலாகக் கொடி கட்டிச் சில நாள் காற்றாட விடுவதுதான் வழி.

கறுப்புத் துணியை செல்போனில் படமெடுத்தால் சாம்பல் நிறத்தில் விழும். திரையில் துணியின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் உண்மையான கறுப்பு கிடைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் விரித்து எடுக்க ஆசை வரும். முகப்புப் படத்துக்கு அது அழகுதான், ஆனால் பூ வேலை கண்ணை இழுத்துத் துணியின் குறையை மறைத்துவிடும். மற்ற படங்களுக்கு ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளலாம். அளவு விஷயத்தில் மீடியம், லார்ஜ் என்று எழுதுவதில் பயனில்லை. ஜப்பானிய லார்ஜும் பிரிட்டன் லார்ஜும் ஒன்றல்ல. உடையைத் தட்டையாக விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள், தோளிலிருந்து கீழ் விளிம்பு, இடுப்பு மூன்றையும் டேப்பை வைத்து அங்குலத்தில் எழுத வேண்டும். டேப் தெரிகிற மாதிரி ஒரு படம் இருந்தால் பாதிக் கேள்வி குறையும்.

போலியா, அசலா

இந்தியத் தெருக்களில் கிடைக்கும் இசைக்குழு டி-ஷர்ட்டுகளில் பெரும்பாலானவை உரிமம் பெறாத அச்சுகள். வாங்கியவருக்கே தெரியாமல் இருக்கலாம். கழுத்துப் பட்டியில் தயாரிப்பாளர் பெயர், அச்சுக்குக் கீழே உரிமை வரி, எங்கே வாங்கியது என்ற ஆதாரம் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் ‘அசல்’ என்று எழுதக் கூடாது. உரிமையாளர் புகார் செய்தால் ஈபே பட்டியலை எடுத்துவிடும். பொய் வணிகச் சின்னம் உள்ள பொருளை விற்பது 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றமும்கூட.

மறுபக்கம், உண்மையிலேயே அரிய சரக்கும் இதே குவியலில் கிடக்கலாம். 2007-ல் அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது; 2011-ல் மெட்டாலிகாவும் பெங்களூரில் வாசித்தது. அந்த நிகழ்ச்சிகளில் அதிகாரப்பூர்வக் கடையில் வாங்கிய டி-ஷர்ட், நுழைவுச் சீட்டின் துண்டோடு இருந்தால், ஏலத்துக்கென்றே பிறந்த பொருள். அதன் விலை என்ன என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வேண்டும் என்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். விலை தெரியாத, போட்டி இருக்கும் பொருளுக்குத்தான் ஏலம். சந்தையில் நூறு கிடக்கும் கறுப்பு ஸ்கர்ட்டுக்கு நிலை விலை போட்டு, பேரம் பேச இடம் விட்டால் போதும்.

பணம் வாங்கும்போது

இன்ஸ்டாகிராமிலும் ஓஎல்எக்ஸிலும் விற்பவரை ஏமாற்றும் வித்தை பழையது. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டு, ‘பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்பார்கள். பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று பொருள். தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கோரும் ‘கலெக்ட்’ வசதியை 2025 அக்டோபரில் நிறுத்திய பிறகு ஒரு வழி அடைபட்டது. க்யூஆர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ‘அனுப்பிவிட்டேன்’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பார்சலைக் கட்ட வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு.

ஈபேயில் பணம் நேராக வராது. தளம் வாங்கி வைத்து, கட்டணம் பிடித்துக்கொண்டு, பிறகு தரும். தாமதம்தான், ஆனால் இரு பக்கத்துக்கும் காவல். வாங்குபவர் ‘படத்தில் இருந்த மாதிரி இல்லை’ என்று வழக்குப் போடலாம் என்பதால், உடையை மடித்து உறையில் போட்டு ஒட்டுவது வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது.

வரி உண்டா

சொந்த உடையை விற்கிறவருக்குப் பெரும்பாலும் இல்லை. உடுத்தும் துணி தனிப்பட்ட உடைமை. வருமான வரிச் சட்டத்தில் அது மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. (நகை அப்படியல்ல, அது வரும்.) வாங்கிய விலைக்குக் கீழேதான் பெரும்பாலும் விற்போம் என்பதால் லாபம் என்ற பேச்சும் எழுவதில்லை. ஜிஎஸ்டி வணிகமாகச் செய்யும் விற்பனைக்கானது. அலமாரியைக் காலி செய்வது வணிகம் அல்ல.

ஆனால் முதல் பத்து உருப்படி நன்றாக விற்றதும் திருப்பூர்ப் பக்கம் போய்க் கட்டுக் கட்டாக ஏற்றுமதி மிச்சச் சரக்கு வாங்கிவந்து போடத் தொடங்கினால், அது கடை. அப்போது லாபத்துக்கு வருமான வரி உண்டு. ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை; பெங்களூருக்கு அனுப்பத் தொடங்கினால் அது வெளிமாநில விற்பனை, அதற்கு அந்த வரம்பு பொருந்தாது. இந்தச் சரக்குக்கு ஆள் இருப்பதே பெங்களூரில் என்பதால், கடையாக ஆக்க நினைப்பவர் ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய நாள் முதல் நாள்தான்.

ஏலமே விடுவதென்றால்

மேலே சொன்ன டி-ஷர்ட் மாதிரி ஒன்று கையில் இருந்து, காகிதமும் சுங்கமும் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தால், மூன்று விஷயம் பாக்கி.

1. முதலில் ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டு அதே மாதிரிப் பொருள் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்கிற விலை யாரும் எவ்வளவும் எழுதலாம். விற்ற விலைதான் விலை. ஒன்றுமே விற்கவில்லை என்றால் பொருள் அரிது என்று மகிழ்வதற்கு முன், வேண்டும் என்பவரும் இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.
2. தொடக்க விலையை இரண்டாவது ஆள் வராமல் போனாலும் வருத்தப்படாத தொகையாக வைக்க வேண்டும். ஒரு ரூபாயில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பது கூட்டம் ஏற்கெனவே உள்ள சரக்குக்குத்தான் பலிக்கும்.
3. முடியும் நேரம் வாங்குபவர் ஊரின் ஞாயிறு மாலையாக இருக்கட்டும். நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் இங்கே திங்கள் விடியற்காலை, கோடையில் 5.30, குளிர்காலத்தில் 6.30. கடைசி ஒரு மணி நேரத்தில் அளவு கேட்டுக் கேள்விகள் வரும். எழுந்து பதில் சொல்ல ஆள் வேண்டும்.